ஒரு 'ஹோ'வின் விலை

ஹடப்சரில் நம் தெருவில் குடியிருக்கும் திருநெல்வேலி இளைஞர் ஒருவரைச் சென்ற ஆண்டு ஒரு புகைவண்டி நிலையத்தில் பிடித்தனர். தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தார் என்பது குற்றச்சாட்டு. அவரோ மேம்பாலத்தின் வழியே வந்தவர். தொலைபேசியில் நம்மை அழைத்து, "என்ன செய்யட்டும், அண்ணாச்சி?" என்று கேட்டார். இரயில்வே எழுத்தராகிய நாம், எல்லாம் அறிந்தவர்போல், "ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு வேலைக்குப் போ, தம்பி" என்றோம்.

நீதிமன்றத்தில், "குன்ஹா கபூல் ஆஹே கா?" என்று மராத்தியில் கேட்டனர். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்பது பொருள். அவர் "ஹோ" என்றார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

சில திங்கள் கழித்து வேறு வேலைக்கு விண்ணப்பித்தார். முன்பு குற்றத்தீர்ப்புப் பெற்றதுண்டா என்று படிவம் கேட்டது. அப்பீல் செய்யலாமா என்று நம்மிடம் வந்தார். இருவரும் ஒரு வக்கீலிடம் சென்றோம்.

வக்கீல் கூறியது இது: தன் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டவர், அத்தீர்ப்பை எதிர்த்து அப்பீல் செய்ய இயலாது. தண்டனையின் அளவு மிகுதி, அல்லது அது சட்டப்படி செல்லாது என்று மட்டுமே முறையிடலாம். 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 412-ஆம் பிரிவும், 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 375-ஆம் பிரிவும் இதையே கூறின. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தின் 416-ஆம் பிரிவும் அவ்வாறே. அபராதம் நூறு ரூபாய்க்கு மேற்படாத சிறு வழக்காயின் அதற்கும் வழியில்லை.

ஆயினும், ஒப்புதல் மனமார்ந்ததாய் இருத்தல் வேண்டும். குஜராத்தைச் சேர்ந்த உணவுக் கலப்பட வழக்கொன்றில், தண்டனை குறையும் என்ற பேரத்தால் பெற்ற ஒப்புதல் செல்லாதென்று 1980-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து, வழக்கை மீண்டும் விசாரிக்கப் பணித்தது. ஆனால் அத்தகைய வழி நெடியது. செலவும் மிகுதி என்றார் வக்கீல்.

இளைஞர் படிவத்தில் உள்ளதை உள்ளவாறே எழுதினார். விடை இன்னும் வரவில்லை. அவர் நம்மை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே நம்மை வருத்துகின்றது.

அன்பர்களே, அயல்மொழியில் கேட்கும் கேள்விக்குத் தலையசைத்துவிடாதீர்கள். பொருள் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். குற்றம் செய்யவில்லையாயின் இல்லை என்றே கூறுங்கள். காவலில் இருப்போர்க்குக் கட்டணமின்றி வக்கீல் அமர்த்த 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்துள்ளது. ஒரு நாள் கூலி போனால் மறுநாள் ஈட்டலாம். சொன்ன சொல்லை மீட்பது அரிது.