இரண்டு பிஸ்கட் டப்பாக்கள்

1996இல் கிழக்கு தில்லியின் மயூர் விஹாரில் எங்கள் இரண்டு அறை வீட்டின் சாப்பாட்டு மேஜைதான் என் முதல் அலுவலகம். காலையில் கணவரும் மகளும் கிளம்பியதும் மேஜையைத் துடைத்து, டெலிபோனையும் ரயில்வே டைம்டேபிளையும் ரசீதுப் புத்தகத்தையும் எடுத்து வைப்பேன். டிராவல் ஏஜென்சி திறந்தாகிவிட்டது!

அதற்குமுன் நான்கு வருடம் கன்னாட் பிளேஸில் ஓர் ஏஜென்சியில் டிக்கெட் எழுதினேன். சிவப்பு கார்பன் தடவிய விமான டிக்கெட்டுகள் அவை. பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் புது டிக்கெட் எழுத வேண்டும். விமான நிறுவனங்களிடம் நேரடியாக டிக்கெட் பெற அயாட்டா அங்கீகாரம் தேவை. அதற்கு முறையான அலுவலகமும் வங்கி உத்தரவாதமும் கேட்பார்கள். சாப்பாட்டு மேஜைக்கு யார் அங்கீகாரம் தருவார்கள்? பழைய முதலாளியிடமே டிக்கெட் வாங்கி விற்றேன். வெளிநாட்டு டிக்கெட்டுக்கு அன்று கமிஷன் 9 சதவிகிதம். அதை இருவரும் பங்கிட்டுக்கொள்வோம்.

உண்மையான வருமானம் பத்ரிநாத், கேதார்நாத் யாத்திரையில்தான் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இந்தி தெரியாது. ரொட்டி இரண்டு நாளைக்குமேல் இறங்காது. வேன், தங்குமிடம், ரசம் வைக்கத் தெரிந்த ஒரு சமையல்காரர் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தேன். ஒருவர் சொல்லி ஒருவராக வந்தார்கள்.

வந்த பணமெல்லாம் சமையலறையில் ஒரே பிஸ்கட் டப்பாவுக்குள் போனது. அங்கேதான் சறுக்கினேன். இரண்டாம் வருடம் 12 பேர் கொடுத்த முன்பணத்திலிருந்து மகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவிட்டேன். அடுத்த வாரம் வேறு பணம் வரும் என்ற நம்பிக்கை. வரவில்லை. வேன்காரர் வாசலில் நின்றார். வளையல்களை அடகு வைத்து அவர்களை அனுப்பினேன். யாத்திரை நல்லபடியாக முடிந்தது. என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பத்து நாளும் நான் தூங்கவில்லை.

அன்று இன்னொரு டப்பா வாங்கினேன். ஒன்று வீட்டுக்கு, ஒன்று வாடிக்கையாளருக்கு. பிறகு அது இரண்டு வங்கிக் கணக்குகளாக மாறியது.

காலம் சும்மா இருக்கவில்லை. 2002இல் ரயில் டிக்கெட் இன்டர்நெட்டுக்குப் போனது. அடுத்த வருடம் மலிவு விமானம் வந்தது. 2008இல் பெரிய விமான நிறுவனங்கள் கமிஷனையே நிறுத்தின. "இனி உன்னிடம் யார் வருவார்கள்?" என்றார் கணவர். யாத்திரைக்காரர்கள் வந்தார்கள். பத்ரிநாத் பாதையில் மண் சரிந்து வழி அடைத்தால் கம்ப்யூட்டர் தமிழில் பேசாதே!

2020 மார்ச்சில் எல்லாம் நின்றது. கோடை யாத்திரைக்கு 34 பேர் கட்டியிருந்த தொகை 4 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். தனிக் கணக்கில் இருந்த ஒன்றரை லட்சத்தை ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்தேன். மீதி விமான நிறுவனங்களிடமும் ஹோட்டல்களிடமும் சிக்கிக்கொண்டது. "பிறகு பயணம் செய்யுங்கள், இப்போது பணம் கிடையாது" என்பதே பதில். ஏப்ரல் 29 அன்று கேதார்நாத் நடை திறந்தபோது பக்தர்கள் இல்லை.

திருச்சியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போன் செய்தார். "ஏம்மா, பணம் வருமா?" கோபம் இல்லை, அதட்டல் இல்லை. அதுதான் என்னைக் குடைந்தது. "நாம் ஏமாற்றவில்லையே, வந்ததும் கொடுப்போம்" என்றார் கணவர். சட்டப்படி அவர் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் அந்த ஆசிரியர் விமான நிறுவனத்தைப் பார்த்தா பணம் கொடுத்தார்? வைப்புநிதியை உடைத்து, வயதானவர்களுக்கு முதலில் கொடுத்தேன்.

அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ரத்தான விமான டிக்கெட்டுகளுக்குப் பணத்தைத் திருப்பித் தருவது குறித்துத் தீர்ப்பளித்தது. அதன்பின் விமானப் பணம் மெல்ல வந்தது. ஒரு ஹோட்டலிடம் போன 60 ஆயிரம் வரவே இல்லை. அது என் கணக்கில் நஷ்டம்.

2022இல் மறுபடி வேன் கிளம்பியது. அந்த 34 பேரில் 27 பேர் வந்தார்கள். திருச்சி ஆசிரியர் இல்லை. முந்தைய வருடம் கொரோனா கொண்டுபோய்விட்டது. அவர் பணத்தை அவர் கையிலேயே சேர்த்துவிட்டேன் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

இப்போது இளம்பெண்கள் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். வீட்டிலிருந்தே ஏஜென்சி தொடங்க வேண்டுமாம். கம்ப்யூட்டர் இருக்கிறது, செல்போன் இருக்கிறது, வேறென்ன முதலீடு வேண்டும் என்கிறார்கள்.

இன்னொரு பிஸ்கட் டப்பா என்கிறேன். சிரிக்கிறார்கள்.