வாய்ப்பு என்றொரு சொல்

வோக்ட்–கொயனாகி–ஹராதா நோயில் உடலின் எதிர்ப்பாற்றல் தன் நிறமிச் செல்களையே பகையெனக் கொள்கிறது. கண்ணின் உட்படலம், உட்செவி, மூளையுறை, தோல், மயிர்க்கால் என அச்செல்கள் உள்ள இடமெல்லாம் போர்க்களமாகும். தலைவலி, காதிரைச்சல், பிறகு விழித்திரையின் அடியில் நீர் கோத்துப் பார்வை மங்கும். மாதங்கள் கழித்து இமைமயிர் நரைக்கும். தோல் திட்டுத்திட்டாக வெளுக்கும். தொடக்கத்திலேயே ஸ்டீராய்டை உயர்ந்த அளவில் கொடுத்து, அசாதயோபிரின் போன்ற எதிர்ப்பாற்றல் அடக்கிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால்தான் பார்வை நிற்கும்.

அம்மருந்துகளைப் பற்றிய தமிழ்க் குறிப்புகளில் 'புற்றுநோய் வரும் வாய்ப்பு' என்று எழுதுவது வழக்கம். வேலைக்கும் வாய்ப்பு, புற்றுக்கும் வாய்ப்பு! 'ஆபத்து' என்று மாற்றினாலோ, நாளையே வந்துவிடும் என்னும் அச்சம் பிறக்கிறது. எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்பதை இரு சொற்களுமே சொல்வதில்லை.

நார்வேயில் இதயமோ சிறுநீரகமோ மாற்றப்பட்டவர்களிடம் செதிள்செல் தோல் புற்று ஏறத்தாழ 65 மடங்கு மிகுந்திருந்ததாக 1999இல் வெளியான ஆய்வு கூறிற்று. ஆனால் அவர்கள் வெளிர்தோலினர். பல மருந்துகளை வாழ்நாள் முழுதும் உட்கொள்பவர்கள். கண் அழற்சி நோயாளர் 7957 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வு (2009) வேறு சித்திரத்தைத் தந்தது: அசாதயோபிரின், மெத்தோட்ரெக்சேட், மைக்கோபினோலேட், சைக்ளோஸ்போரின் பெற்றோரிடம் புற்றுநோய் இறப்பு கூடியதாகத் தெரியவில்லை. வேறு சில மருந்துகள் அவ்வளவு எளிதில் ஐயத்திலிருந்து தப்பவில்லை. இன்னொன்று: அவ்வாய்வு எண்ணியது இறப்புகளை. உயிர்கொல்லாத தோல் புற்றுகள் அக்கணக்கில் இடம்பெறா.

அங்கேதான் இந்நோயாளரின் தனிச்சிக்கல். அசாதயோபிரின் தோல் செல்லின் டி.என்.ஏ.வில் கலந்து புறஊதா ஏ கதிரை ஈர்க்கச் செய்கிறது. வெளுத்த திட்டிலோ அதைத் தடுக்க மெலனின் இல்லை. விந்தை என்னவெனில், மெலனோமாவுக்கு எதிர்ப்பாற்றலைத் தூண்டிச் சிகிச்சை பெறும் சிலருக்கு இதே நோயை ஒத்த கண் அழற்சியும் வெண்திட்டுகளும் தோன்றுகின்றன. அவ்வெண்திட்டை மருத்துவர்கள் நற்குறியாகவே காண்கின்றனர். ஒருவரிடம் தட்டியெழுப்பும் படையையே மற்றவரிடம் உறங்கவைக்க வேண்டியிருக்கிறது.

குறிப்பைப் படித்து அஞ்சி மாத்திரையைத் தாமே நிறுத்துபவர் தொலைவிலுள்ள, சிறிதான ஓர் இடருக்கு ஈடாக அண்மையிலுள்ள குருட்டை ஏற்கிறார். அவருக்குச் சொல்லவேண்டியவை எளியவை: வெளுத்த இடங்களை வெயிலில் மூடுங்கள், ஆண்டுதோறும் தோலைக் காட்டுங்கள், ஆறாத புண்ணை உடனே காட்டுங்கள், மருந்தின் அளவைக் குறைப்பதாயினும் மருத்துவரே குறைக்கட்டும்.