மரபு என்னும் சொல்

மரபு என்ற சொல்லை வகுப்பறையில் சொல்லும்போது என் குரலில் தானாகவே ஒரு மரியாதை வந்துவிடும். தொல்காப்பியத்தின் கடைசி இயலுக்கே மரபியல் என்றுதான் பெயர். அதற்கு நேரான லெகசி என்ற சொல் மென்பொருள் துறையில் ஏறக்குறைய ஒரு வசை என்பதை, பொங்கலுக்குக் கம்மாபுரம் வந்திருந்த பழைய மாணவர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

அவருடைய குழு பராமரிக்கும் நிரலுக்கு ஏறத்தாழ அவர் வயது. நிரல் எழுதுகிறவர்கள் ஒரு மாடியில், அதை இயக்கிக் காப்பவர்கள் வேறொரு மாடியில். முன்னவர்க்கு மாற்றம் வேண்டும். பின்னவர்க்கு அமைதி வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை நள்ளிரவில், சேர்ந்த மாற்றங்கள் அனைத்தும் மொத்தமாக ஏற்றப்படும். ஏதேனும் உடைந்தால் யார் குற்றம் என்று விடியும்வரை தேடுவார்கள். "தீபாவளிக்கு வராதது அதனால்தான் ஐயா" என்றார்.

இந்தச் சுவரை இடிக்க எழுந்ததே டெவ்ஆப்ஸ். 2009 ஜூனில் ஃப்ளிக்கரின் ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹேமண்டும், ஒரே நாளில் பத்து முறைக்கு மேல் மாற்றங்களை ஏற்றுவதைப் பற்றி ஒரு மாநாட்டில் பேசினார்கள். அக்டோபரில் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பேட்ரிக் டெபுவா கூட்டிய சந்திப்பிலிருந்து அந்தப் பெயர் பரவியது. சிறிது சிறிதாக மாற்றுவது, சோதனையை இயந்திரத்திடம் விடுவது, எழுதியவரே இயக்கத்துக்கும் பொறுப்பேற்பது என்பவையே இதன் சாரம்.

பழைய நிரலில் இது எளிதன்று. அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் பங்குவணிக நிறுவனத்தில், 2012 ஆகஸ்ட் 1 அன்று இயங்கிய எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏற்றப்படாமல் விடுபட்டிருந்தது. அதில் பல்லாண்டாகப் பயனற்றுக் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டது. 45 நிமிடங்களில் 40 கோடி டாலருக்கு மேல் நட்டம்.

மார்ட்டின் ஃபௌலர் 2004இல் ஒரு வழி சொன்னார். பழையதை ஒரே நாளில் வீழ்த்தாமல், அதைச் சுற்றிப் புதியதை வளர்த்து, வேலைகளை ஒவ்வொன்றாக மாற்றுவது. ஆஸ்திரேலியாவில் வேறு மரங்களின் மேல் முளைத்து வளரும் அத்திமரங்களை அதற்கு உவமை காட்டினார். பனைமேல் முளைத்த ஆலைப் பார்த்த நமக்கு விளக்கம் தேவையில்லை. பக்கத்து நெய்வேலியில் 1962இல் இயங்கத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020இல்தான் முற்றிலும் மூடப்பட்டது. மாற்றாக எழுந்த நிலையத்தின் முதல் அலகு 2019 டிசம்பரிலேயே தயாராகிவிட்டது.

என்னை உறுத்தியது வேறு. மாணவரின் குழுவில் ஓய்வை நெருங்கும் ஒருவர் இருக்கிறார். எந்த வரி எதற்காக எழுதப்பட்டது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். ஏட்டில் ஏறாத பாடம் அது. இளையவர்கள் அவரை முட்டுக்கட்டை என்கிறார்கள். தானியங்கிச் சோதனை ஒவ்வொன்றும் அவர் நினைவிலிருந்து ஒன்றை எழுத்தில் ஏற்றுகிறது. எல்லாம் ஏறிய பின் தமக்கு என்ன இடம் என்று அவர் அஞ்சுவது இயல்பே. அந்த அச்சத்துக்கு நிர்வாகம் முதலில் விடை சொல்லவேண்டும். கருவிகளை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றே தோன்றுகிறது.