பாகாயம் கற்பித்த பாடம்

வேலூரைப் பற்றி நம் முன்னோர் வேடிக்கையாகச் சொல்லிவந்த சொல் ஒன்று உண்டு. நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்பதே அது. பாலாறு இன்றும் பெரும்பாலான மாதங்களில் மணலாறாகவே காட்சி தருகிறது. பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த கருங்கற்கோட்டை, 1806 ஜூலை 10ஆம் நாள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த நினைவைச் சுமந்தபடி, அகழி சூழ நகரின் நடுவே நிற்கிறது. கோட்டைக்குள் இருக்கும் சலகண்டேசுவரர் கோயிலில் 1981இல் மூலவர் மீண்டும் நிறுவப்பட்டதால், அச்சொல்லின் மூன்றாம் பகுதி பொய்த்துவிட்டது. ஆயினும், இன்று வேலூர் என்றவுடன் நம் நாட்டவர் நினைவுக்கு வருவது ஆறும் அன்று, கோட்டையும் அன்று, மருத்துவமனையே.

இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்க மருத்துவப் பெண்மணி, 1900ஆம் ஆண்டில் ஒரே ஒரு கட்டிலுடன் தொடங்கிய பணி அது. 1902இல் நாற்பது கட்டில்கள் கொண்ட மருத்துவமனையாகவும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் வளர்ந்து, இன்று கிறித்தவ மருத்துவக் கல்லூரி என நாடெங்கும் அறியப்படுகிறது. மருத்துவமனைக்கு எதிரே அவர் பெயர் தாங்கிய சாலையில் நடப்பவர், தமிழ்நாட்டில்தான் இருக்கிறோமா என்று ஐயுறுவர். கடைப்பலகைகளில் வங்க எழுத்தும் இந்தி எழுத்தும் தமிழோடு தோள் சேர்ந்து நிற்கும். சந்துகளில் உள்ள சிறு விடுதிகளில் கடுகெண்ணெயில் மீன் பொரியும் மணம் வீசும். அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். மாதக்கணக்கில் தங்குவோர் அங்கேயே உலை வைத்துக்கொள்வர். கல்கத்தாவிலிருந்தும், சார்க்கண்டிலிருந்தும், வங்காளதேசத்திலிருந்தும் நோயுற்ற தந்தையரைப் பிள்ளைகளும், நோயுற்ற பிள்ளைகளைத் தந்தையரும் இங்கே அழைத்துவருகின்றனர்.

அந்தக் கூட்டத்தில் நாங்களும் ஒரு குடும்பமாகச் சென்று சேர்ந்தது 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில். திருச்சிக்குத் தெற்கே உள்ள எங்கள் சிற்றூரிலிருந்து வாடகை வண்டியில் தந்தையைப் படுக்கவைத்து, திருவண்ணாமலை, போளூர், கண்ணமங்கலம் வழியாக இரவெல்லாம் பயணம் செய்தோம். வேலூருக்குள் நுழையுமுன் பாகாயம் என்னும் ஊர் வந்தது. விடியலில் தெரிந்த குன்றுகளைத் தாய் சுட்டிக்காட்டினார். அந்தக் குன்றுகளின் அடியில் நான்கு மாதங்கள் வாழப்போகிறோம் என்பதை அப்போது எங்களில் ஒருவரும் அறியோம்.

கொத்தனாரின் முதுகு

எங்கள் தந்தை கொத்தனார். நாற்பது ஆண்டுகள் சாரத்தின்மேல் நின்று பிழைத்தவர். அவருக்குப் பல மாதங்களாக முதுகுவலி இருந்துவந்தது. மூட்டை தூக்கும் உடம்பில் வலி இயல்புதானே என்று தைலம் தேய்த்தார், இடுப்பில் பட்டை கட்டினார், ஊசியும் போட்டுக்கொண்டார். மாலையில் இலேசான காய்ச்சல் வரும். உடம்பு மெலிந்துகொண்டே வந்தது. பின்னர்க் கால்கள் மரத்தன. ஒருநாள் காலையில் கட்டிலிலிருந்து எழ முயன்றவர், எழ இயலாமல் அப்படியே அமர்ந்துவிட்டார்.

முதுகெலும்பில் காசநோய் என்று வேலூரில் கண்டறிந்தார்கள். காசநோய் நுரையீரலை மட்டுமே தாக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அஃது எலும்பையும் அரிக்கும். முதுகெலும்புக் கணுக்களை அரித்து, அங்கே திரளும் சீழ் தண்டுவடத்தை அழுத்தும்போது கால்கள் செயலிழக்கின்றன. அறுவைச் சிகிச்சையால் அழுத்தம் நீக்கப்பட்டது. ஓராண்டுக்கும் மேலாக மாத்திரை உண்ண வேண்டும் என்றனர். அம்மாத்திரைகள் அரசு நல்வாழ்வு நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கின்றன. காசநோயாளரின் ஊட்ட உணவுக்காக மாதம் 500 ரூபாய் வழங்கும் திட்டத்தை 2018 ஏப்ரலில் நடுவண் அரசு தொடங்கியது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முதுகுவலி எல்லாம் காசநோய் ஆகிவிடாது. ஆனால் வாரக்கணக்கில் தீராத வலியோடு மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சேருமானால், தைலத்தை ஒருபுறம் வைத்துவிட்டு மருத்துவரிடம் செல்வதே அறிவுடைமை.

அறுவை முடிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஆனால் கால்கள்? அவை உடனே திரும்பவில்லை. அப்போதுதான் மருத்துவமனையிலிருந்து ஆரணிச் சாலையில் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாகாயத்து மறுவாழ்வு நிலையத்திற்கு எங்களை அனுப்பினர்.

சக்கர நாற்காலியில் வந்த மருத்துவர்

அந்நிலையம் எழுந்த வரலாற்றை வாசகர்கள் அறிவது நலம். கேரளத்தில் 1925இல் பிறந்த மேரி வர்கீஸ் என்னும் இளம் மருத்துவர் வேலூரில் பணியாற்றி வந்தார். 1954ஆம் ஆண்டில் அவர் சென்ற வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பெருங்காயம், தண்டுவடம் சிதைந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போயிற்று. இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதில் அவர் வாழ்வு முடிந்துவிட்டதென்று எவரும் எண்ணியிருப்பர். அவரோ சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் மடங்கிய கைகளுக்கு அறுவை செய்யப் பயின்றார். பின்னர் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, 1963இல் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. 1986இல் அவர் மறைந்தார்.

நிலையத்தின் தாழ்வாரங்களில் நடந்தபோது இவ்வரலாற்றை நாங்கள் கண்ணாலேயே வாசித்தோம். நாற்காலியில் அமர்ந்தவர் பிறர் கையை எதிர்பாராமல் செல்லக்கூடிய சாய்தளங்களும் அகன்ற கதவுகளும் உள்ள இடம் அது.

கற்பிக்கப்படும் குடும்பம்

பிற மருத்துவமனைகளில் நோயாளி உள்ளே இருப்பார். உறவினர் பழத்தோடு வந்து வெளியே காத்திருப்பர். பாகாயத்தில் அவ்வாறு அன்று. வீட்டார் ஒருவர் நோயாளியோடு தங்கியே ஆகவேண்டும். தங்குவது துணைக்காக மட்டும் அன்று, படிப்பதற்காகவும்தான். தாயும் நாங்கள் மூவரும் முறைவைத்துத் தங்கினோம்.

நாங்கள் படித்த பாடங்கள் எளியவை. ஆனால் தவறவிடக் கூடாதவை. உணர்வற்ற உடம்பு ஒரே நிலையில் கிடந்தால் எலும்பு புடைத்த இடங்களில் தோல் அழுகிப் படுக்கைப்புண் உண்டாகும். ஆகவே இரவிலும் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் கண்ணாடி பிடித்துப் பின்புறத் தோலைச் சோதிக்க வேண்டும். நாற்காலியில் அமர்ந்திருப்பவர் அடிக்கடி கைகளை ஊன்றி உடம்பைச் சற்றே தூக்கிக்கொள்ள வேண்டும். தானே வெளியேறாத சிறுநீரை நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கொருமுறை தூய குழாய் செலுத்தி வெளியேற்ற வேண்டும்.

இந்த இறுதிப் பாடம்தான் தந்தையை உடைத்தது. எங்களை வளர்த்து ஆளாக்கியவர், எங்கள் முன்னிலையில் இவ்வாறு கிடக்க நேர்ந்ததே என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பத்து நாட்கள் அவர் பேசவில்லை. செபமாலை சொல்லும்போதும் உதடுகள் அசையவில்லை. “என்னைச் சாரத்திலிருந்தே ஆண்டவர் அழைத்துக்கொண்டிருக்கலாம்” என்று தாயிடம் மட்டும் ஒருநாள் சொன்னாராம்.

பயிற்சியாளர் ஒருவர் அவரிடம் ஆறுதல் மொழி எதுவும் கூறவில்லை. “ஐயா, இதை நீங்களே செய்துகொள்ளப் பழகலாம். அப்புறம் யார் கையும் வேண்டாம்” என்றார். அடுத்த கணம் தந்தை முகத்தைத் திருப்பினார். இரண்டு வாரங்களில் அவ்வேலையைத் தாமே செய்யக் கற்றுக்கொண்டார்.

அதன்பின் ஒவ்வொன்றாக வந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல். படுத்தவாறே உடை மாற்றுதல். உணர்வற்ற கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துக் காற்சட்டைக்குள் நுழைப்பதற்கு முதல்நாள் முக்கால் மணி நேரம் ஆயிற்று. வியர்வை வழிய அவர் போராடுவதைக் கண்ட தாயின் கை நீண்டது. பயிற்சியாளர் புன்னகையோடு, “அம்மா, நீங்கள் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருங்கள். ஐயா உடுத்திக்கொண்டு அங்கே வருவார்” என்றார். தாய் போய் அமர்ந்தார். முக்கால் மணி கழித்து, தாமே நாற்காலியை உருட்டிக்கொண்டு தந்தை மரத்தடிக்கு வந்து சேர்ந்தார். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. தாய் தம் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தார். அதற்கு மட்டும் எவரும் தடை சொல்லவில்லை.

அன்பு என்பது எல்லாவற்றையும் செய்துகொடுப்பதே என்று குடும்பங்களில் நாம் கருதுகிறோம். நீட்டத் துடிக்கும் கையை அடக்கிக்கொண்டு அருகிலேயே இருப்பதும் அன்பே. அது கடினமான அன்பு.

அடுத்த கட்டில்கள்

அங்கே நாங்கள் மட்டுமா? தென்னையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த சித்தூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவருக்கு அவர் தந்தையே தாயாக இருந்து பணிவிடை செய்தார். வங்கத்திலிருந்து வந்த ஓர் அம்மையார், சமையல் நேரத்தில் எங்கள் தாயோடு தம் மொழியிலேயே பேசுவார். தாய் தமிழிலேயே விடை சொல்வார். இருவருக்கும் விளங்கிற்று. ஒருவர் உறங்கும் இரவில் மற்றவர் விழித்திருந்து இரு கட்டிலையும் பார்த்துக்கொண்டனர்.

நோயுற்றவரைக் காண வருவோர் நோயாளியை மட்டுமே நலம் விசாரிக்கின்றனர். இரண்டு மணிக்கொருமுறை எழுந்த அந்தப் பெண்களை, “நீங்கள் உறங்கினீர்களா?” என்று கேட்டவர் அரிது.

பன்னிரண்டுக்கு ஒன்று

ஒருநாள் மாலை தந்தை எங்களை அழைத்து, “இந்தச் சாய்தளத்தை அளந்து சொல்லுங்கள்” என்றார். நாள்தோறும் அதில் ஏறி இறங்கியவரின் கை, அதன் சரிவைக் கணக்கிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நாற்காலியில் இருப்பவர் தம் வலிமையாலேயே ஏற, ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று பயிற்சியாளர் விளக்கினார். தந்தை தாளும் பென்சிலும் கேட்டார். எங்கள் வீட்டுத் திண்ணையின் உயரம் இரண்டரை அடி; ஆகவே முப்பது அடிச் சரிவு வேண்டும். முற்றமோ இருபது அடிதான். அன்றிரவு வரைந்து முடித்தார்: பதினைந்து அடி ஏறி, ஐந்தடிச் சமதளத்தில் திரும்பி, மீண்டும் பதினைந்து அடி. நோயுற்ற நாள்முதல் அவர் தம் தொழிலைப் பற்றிப் பேசியது அன்றுதான்.

நான்கு மாதங்கள் கழிந்து ஊர் திரும்பினோம். கால்களுக்குச் சிறிது வலிமை வந்திருந்தது. இணைகம்பிகளுக்கிடையே நடந்து பழகியவர், இன்று வீட்டிற்குள் நடைச்சட்டத்தைப் பற்றிக்கொண்டு நடக்கிறார். வெளியே செல்லச் சக்கர நாற்காலிதான். முழு நலம் என்று சொல்ல இயலாது. ஆனால் முற்றத்துச் சாய்தளம் எழுந்தபோது நாற்காலியில் அமர்ந்தபடி இரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கலவை சரியில்லை என்று எங்களைக் கடிந்துகொண்டவர் எங்கள் பழைய தந்தையேதான்.

மாற்கு நற்செய்தியில் வரும் முடக்குவாதமுற்றவரை நாம் அறிவோம். நால்வர் அவரைச் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இறக்கினர். எங்கள் பங்குத்தந்தை அப்பகுதியை விளக்கிய ஞாயிறன்று, “அந்தக் கூரையை அப்புறம் யார் பூசிக்கொடுத்தது?” என்று தந்தை மெல்லக் கேட்டார், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டனர். நாங்கள் எண்ணிப் பார்த்தது வேறொன்று. அம்மனிதரைச் சுமந்துவந்தவர்கள் நால்வர். திரும்பும்போதோ, தம் படுக்கையைத் தாமே எடுத்துக்கொண்டு செல்லுமாறு ஆண்டவர் பணித்தார். நால்வரும் தடுக்கவில்லை.

எங்கள் ஆலயத்தின் உயரம் இரண்டடி. வடபுற வாயிலில் இருபத்துநான்கு அடிச் சாய்தளம் ஒன்று தந்தையின் மேற்பார்வையில் கட்டப்பட்டது. செலவு பெரிதன்று, சில மூட்டை சிமெண்டும், மணலும், பங்கு இளைஞர்களின் நான்கு நாள் உழைப்பும். அதன் வழியே திருப்பலிக்கு வந்தவர் எங்கள் தந்தை மட்டும் அல்லர். படியேற இயலாமல் ஆண்டுக்கணக்கில் வீட்டிலேயே நன்மை வாங்கிவந்த முதியவர் இருவரும் வந்தனர். அவர்கள் வராமலிருந்ததன் காரணம் மூன்று படிகளே என்பது அன்றுதான் ஊருக்கு விளங்கிற்று.

அன்பு வாசகர்களே, உங்கள் ஆலயத்திற்கு எத்தனை படிகள்? வருகிற ஞாயிறன்று ஓர் அளவுநாடாவை எடுத்துச் சென்று அளந்து பாருங்கள்.