ஆட்டம் எங்கே இருக்கு?

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பைக்குகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. புது வண்டி எத்தனை ஆயிரம் குறையும் என்ற கணக்கு எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. ராசிபுரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கணக்கு எழுதும் நண்பர் போன் செய்தார். “புதுசு வாங்கறவங்களப் பத்தித்தான் எல்லாரும் எழுதறாங்க. இருபது வருச வண்டிய இன்னும் ஓட்டிட்டு இருக்கறவன் எங்க போறான்னு ஒரு நாள் வந்து பாருங்க.” அவர் அழைத்துப் போன இடம், சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையில் ஆண்டகலூர்கேட்டைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகை.

நாமக்கல் என்றால் லாரி, திருச்செங்கோடு என்றால் போர்வெல் ரிக், சங்ககிரி என்றால் மறுபடியும் லாரி. இந்தப் பக்கத்து இரும்பு வேலையை எழுதுகிறவர்கள் பாடி கட்டும் பட்டறைகளோடு நின்றுவிடுகிறார்கள். தோட்டத்துக்குத் தீவன மூட்டையும், ஊருக்குள் முட்டை அட்டையும், சொசைட்டிக்குப் பாலும் கொண்டுபோகிற நூறு சிசி வண்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நாங்கள் போனபோது கொட்டகையில் நின்றது டிஎன் 28 பதிவெண் கொண்ட பழைய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். 1994-இல் வந்த மாடல்; 97.2 சிசி என்ஜின். பின்னால் இருபுறமும் பால் கேன் மாட்டக் கம்பிச் சட்டம் அடித்திருந்தது. ஒரு கேன் 40 லிட்டர். இரண்டும் நிறைந்தால் பால் மட்டுமே எண்பது கிலோவுக்கு மேல். வண்டியின் சொந்த எடையே நூறு கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டும்.

“ஆக்சிலேட்டர விட்டுப் புடிச்சா கீழ ‘டக்’குனு அடிக்குதுங்ணா. நானே ரெண்டு வாட்டி செயின் டைட் வெச்சுட்டேன், நிக்கல” என்றார் பால்காரர்.

“செயின் மேல பழி போடாத. தள்ளு, பாக்கலாம்” என்றார் மெக்கானிக். ஐம்பதைத் தாண்டியவர். ஐ.டி.ஐ. முடித்த அக்கா மகன் அவருக்குக் கையாள்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, என்ஜினை அணைத்தபடியே கியரில் போட்டார்கள். பையன் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்ட, மாமா எதையும் தொடாமல் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ‘டக்’ வரக்கூடிய இடங்கள் பல: பின் ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்கள் நசுங்கியிருக்கலாம், செயின் தேய்ந்து நீண்டிருக்கலாம், முன் ஸ்பிராக்கெட் ஷாஃப்ட்டின் மேல் ஆடலாம், கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கலாம். சத்தம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். “ரப்பர் நல்லாத்தான் இருக்கு, மாமா” என்றான் பையன். “அப்ப முன்னாடி வா.”

இடப்பக்கக் கவரைக் கழற்றியதும் கறுப்பு மையாகக் களிமண்ணும் கிரீஸும் கொட்டின. பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டு, ஆள்காட்டி விரலின் நுனியை ஷாஃப்ட்டும் ஸ்பிராக்கெட்டும் சேரும் இடத்தில் வைத்தார். “இப்ப ஆட்டு.” நான் பார்க்க வந்ததே இதற்குத்தான் என்று பிறகு புரிந்தது. இரண்டும் சேர்ந்து அசைந்தால் கோளாறு முன் ஸ்பிராக்கெட்டில் இல்லை. உள்ளே கியர்களுக்கு நடுவில் எப்போதும் இருக்கும் இடைவெளியாக இருக்கும். ஸ்பிராக்கெட் முதலில் நகர்ந்து ஷாஃப்ட் பிறகு நகர்ந்தால், இரண்டும் பிணைந்திருக்கும் வரிப்பற்கள் தேய்ந்துவிட்டன. அவர் என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். ஸ்பிராக்கெட் முதலில் நகர்ந்தது.

அடுத்து ஸ்பிராக்கெட்டைப் பிடித்து உள்ளும் வெளியுமாக இழுத்தேன். ஆடியது. இதுவும் கோளாறுதானே என்று கேட்டேன். சிரித்தார். “இந்த ஆட்டம் கம்பெனியே வெச்சதுங்க. செயின் நேரா ஓடற எடத்த அதுவே தேடிக்கும். சுத்தற பக்கம் ஆடுனாத்தான் வியாதி.” இந்த வித்தியாசம் தெரியாமல் வாஷர் போட்டு இறுக்கி அனுப்புகிற கடைகளும் இருக்கின்றன என்று நண்பர் காதோரம் சொன்னார்.

ஸ்பிராக்கெட்டைக் கழன்றுவிடாமல் பிடித்திருப்பது ஒரு லாக் பிளேட். அதை வரிப்பற்களின் வழியே நுழைத்து, ஷாஃப்ட்டில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்குக் கொண்டுபோய், அரைப் பல் திருப்பினால் வெளியே வராது. திரும்பி நழுவாமல் இருக்க ஸ்பிராக்கெட்டோடு இரண்டு 6 மி.மீ. போல்ட்டுகள். வண்டியை இழுக்கும் பாரம் போல்ட்டில் இல்லை, வரிப்பற்களில்தான். ஆனால் போல்ட் கழன்றால் பிளேட் திரும்பி, ஓட்டத்திலேயே ஸ்பிராக்கெட் செயினோடு வெளியே வரும். சிக்கிய செயின் என்ஜின் கேஸையே உடைத்துவிடும். இந்த வண்டியில் ஒரு போல்ட் ஏற்கெனவே காணாமல் போயிருந்தது.

அவர் எடுத்தது பத்தாம் நம்பர் டி ஸ்பேனர். கைப்பிடி நடுவில் இரண்டு இடத்தில் வெல்டிங் தழும்பு. நாமக்கல்லில் லாரி பாடி பட்டறையில் ரிவெட் அடிக்கச் சேர்ந்தவர்; காது மந்தமாகத் தொடங்கியதும் அதை விட்டார். அப்போதுதான் ஹீரோ ஹோண்டாக்கள் கிராமங்களுக்குள் வரத் தொடங்கியிருந்தன. முதல் சம்பளத்தில் வாங்கியதாம் இந்த ஸ்பேனர். பையனிடம் பளபளக்கும் சாக்கெட் செட் இருக்கிறது. ஆனாலும் இந்த இரண்டு போல்ட்டை மட்டும் அவன் முடுக்கக் கூடாது. “நீளமான ரெஞ்சு கைக்குப் பொய் சொல்லும். ஆறு எம்மெம் போல்ட்டு, ஒரு சுத்து மிச்சமா முடுக்கினா மரை போச்சு.” காது கேட்காதவர் சத்தத்தை விரலால் கண்டுபிடிக்கிறார் என்று நான் சொன்னதற்கு, “எழுதறவங்க இப்படித்தான் சொல்லுவீங்க” என்றார்.

பழைய ஸ்பிராக்கெட்டின் பற்கள் கொக்கிபோல வளைந்திருந்தன. முன்னது 14 பல். பின்சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் அது மூன்று சுற்று போலச் சுற்றிவிடுகிறது. முதலில் தேய்வது அதனால்தான். ஷாஃப்ட்டின் பற்களும் லேசாகத் தேய்ந்திருந்தன, ஆனால் புது ஸ்பிராக்கெட் உட்கார்ந்ததும் விரலுக்குத் தெரிந்த ஆட்டம் பெரும்பாலும் போய்விட்டது. போல்ட் மரை ஸ்பிராக்கெட்டிலேயே வெட்டியிருப்பதால் அந்தக் கவலையும் தீர்ந்தது. பிளேட்டும் போல்ட்டும் புதிது, மரையில் ஒரு சொட்டு லாக் பசை. செயின் மாட்டியது, பிரேக் சரிபார்த்தது எல்லாம் பையன் வேலை. நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

டீக்கடையில் நண்பர் கொதித்தார். செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் சேர்ந்த செட்டை மெக்கானிக் கடனுக்கு எடுத்து மாட்டினால், கடைக்காரர் தரும் கமிஷன் அவருடைய கூலியைவிட அதிகம். மட்டமான டூப்ளிகேட் செட்டுக்குக் கமிஷன் இன்னும் கூடுதல். கண்டுபிடிப்பதற்குக் காசு கிடையாது, மாற்றுவதற்குத்தான் காசு. ரப்பரா, செயினா, ஷாஃப்ட்டா என்று அரை மணி நேரம் விரல் வைத்துப் பார்த்தவனுக்கு பில்லில் ஒரு வரி இல்லை. பார்க்காமலே மொத்தத்தையும் மாற்றியவன் நல்ல வியாபாரி. வரியைப் பத்து சதவீதம் குறைத்தாலும் இந்த ஏற்பாட்டில் ஒரு நட்டுகூட நகராது. இவ்வளவையும் சொன்ன நண்பர் சம்பளம் வாங்குவதும் அப்படி ஒரு கடையில்தான்.

திரும்பி வந்தபோது பால்காரர் வேறொரு யோசனையில் இருந்தார். “ஷாஃப்ட்டும் தேஞ்சிருக்குங்கறீங்க. அப்படியே வெல்டு வெச்சு ஒட்டிட்டா ஆடாதுல்லங்ணா?”

“ஒட்டிக்கும். சூட்டுல ஆயில் சீல் வெந்துரும், பேரிங் கெடும். அடுத்த வாட்டி ஸ்பிராக்கெட்டக் கழட்டணும்னா அறுத்துத்தான் எடுக்கணும். ஷாஃப்ட்டு மாத்தறதுன்னா என்ஜின முழுசாப் பிரிக்கணும். இப்ப வேண்டாம், தை கழிஞ்சு பாத்துக்கலாம்.”

கூலி 150 ரூபாய் கேட்டார். 120 கொடுத்தார் பால்காரர்.

சீல் ஏற்கெனவே லேசாகக் கசிந்துகொண்டிருந்தது. அதற்குக் காரணம் பால்காரரே வைத்த டைட் என்றார் மெக்கானிக். வெறும் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி செயினை இறுக்கியிருக்கிறார். பாரம் ஏறி வண்டி அமுங்கும்போது செயின் இன்னும் விறைத்து ஷாஃப்ட்டையே பின்னால் இழுத்திருக்கிறது.

“இப்ப கொஞ்சம் லூசாத்தான் விட்டிருக்கேன், நீ தொடாத. கேனு ரெண்டையும் ரொப்பிட்டு ஒருக்கா வந்து காட்டு. பாரத்தோட பாத்தாத்தான் சரியாத் தெரியும்.”

“நாலு மணிக்குக் கடை தொறந்திருக்குமாங்ணா?”

“நாலு மணிக்கு நானே எந்திரிக்கறதில்ல. பால ஊத்திட்டு, கேனுல தண்ணி புடிச்சுட்டு வா.”