டி.டி. எடுத்த கதை

டி.டி. என்றதும் பேங்க் கவுன்ட்டர் ஞாபகம் வந்தால் உங்களுக்கு வயசாகிவிட்டது. தூர்தர்ஷன் ஞாபகம் வந்தால் ரொம்பவே. நான் சொல்வது மூன்றாவது டி.டி. 1970-களில் யூனிக்ஸில் பிறந்து, இன்றைக்கும் லினக்ஸில் இருக்கிற காப்பி கமாண்ட்.

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். அக்கம்பக்கத்திலெல்லாம் ரோபோ. எங்களிடம் இருப்பது அம்பத்தூரிலிருந்து லாரி ஏறி வந்த ஒரு டெஸ்டிங் மெஷின். அதற்கு மூளை ஒரு 486 கம்ப்யூட்டர், டாஸ், 420 எம்.பி. ஹார்டு டிஸ்க். மெஷினைச் செய்தவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். ஒரிஜினல் ஃப்ளாப்பிகளில் பூஞ்சை. டிஸ்க் போனால் டெஸ்ட் ரிப்போர்ட் இல்லை. ரிப்போர்ட் இல்லாமல் லோடு கேட்டைத் தாண்டாது.

"சார், டிஸ்க்கு கத்துது சார்" என்றார் ஆபரேட்டர். கரக்... கரக்.

"ஒரு பென் டிரைவ்ல காப்பி பண்ணிடுங்களேன்" என்றார் முதலாளி.

486-இல் பென் டிரைவ் சொருக இடமேது? அப்படியே சொருகினாலும் ஃபைல்கள் மட்டும் போதாது. கம்ப்யூட்டரைக் கிளப்பும் குட்டி புரோகிராம் டிஸ்க்கின் முதல் செக்டாரில் இருக்கிறது. டாஸ் காப்பி அதைத் தொடாது. டி.டி.க்கு ஃபைல், காலி இடம் என்ற பேதமே கிடையாது. முதல் செக்டாரிலிருந்து கடைசி வரை அப்படியே அள்ளும். (ராமானுஜர் பிறந்த ஊர்ப் பக்கம் இதை விளக்கவா வேண்டும்!)

பழைய டிஜிட்டல் கேமராவில் போடுகிற காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு, 512 எம்.பி.யில் ஒன்று கிடைத்தது. சின்ன அடாப்டர் போட்டால் அது ஹார்டு டிஸ்க் மாதிரியே நடந்துகொள்ளும். இரண்டையும் லினக்ஸ் போட்ட வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினோம். கமாண்டில் 'ஐ.எஃப்.' என்றால் எங்கிருந்து, 'ஓ.எஃப்.' என்றால் எங்கே. மாற்றிப் போட்டால் காலி கார்டு, நல்ல டிஸ்க்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். "நிச்சயமா?" என்று ஒரு வார்த்தை கேட்காது. 'டிஸ்க் டெஸ்ட்ராயர்' என்று செல்லப்பெயர் சும்மாவா வந்தது? ஆபரேட்டரை இரண்டு தரம் உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டு என்டர் தட்டினேன்.

படிக்க முடியாத செக்டார் வந்தால் டி.டி. நின்றுவிடும். 'நோஎரர், சிங்க்' என்று சேர்த்தால், அந்த 512 பைட்டுக்குப் பதில் பூஜ்யங்களை நிரப்பிவிட்டு மேலே போகும். எட்டு லட்சத்துச் சொச்சம் செக்டார். இரண்டு டீ, ஒரு வடை.

மூன்றே செக்டார் அவுட். கார்டை 486-இல் மாட்டினோம், மெஷின் எழுந்துவிட்டது. போன மூன்றும் எந்த ஃபைலில் என்று தேடினேன். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா.

"நைட் ஷிஃப்ட்ல யாருய்யா?" என்றேன். ஆபரேட்டர் ஃபேனைப் பார்த்தார்.