ஒரு கேரவனும் ஒரு லஸ்கரும்

ஆணி கொஞ்சம் குறைஞ்சிருக்கு. அதனால ரொம்ப நாளா மனசுக்குள்ளயே ஓட்டிக்கிட்டு இருந்த பயணக் கதையை எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன். 2024 ஏப்ரல்ல போனது. பயணக் கட்டுரைன்னா சாப்பாடு பத்தி எழுதணுமாமே? அஞ்சு நாளும் புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல். சாப்பாட்டு மேட்டர் முடிஞ்சது.

நான் இருக்கறது அடிலெய்டு. அக்கா பிரசவத்துக்காக அம்மா சென்னையில இருந்ததால அப்பா மட்டும் தனியா வந்திருந்தார். வந்த முதல் வாரமே மனுஷனுக்கு போரடிச்சுப் போச்சு. நான் காலைல பொட்டி தட்ட உட்கார்ந்தா சாயந்திரம்தான் எழுந்திருப்பேன். இந்த ஊர்ல வெயிலுக்குப் பயந்து நிறைய வீடுகள்ல ஜன்னலுக்கு வெளியே ரோலர் ஷட்டர் போட்டிருப்பாங்க. அதை ஏத்தறதும் இறக்கறதுமா பொழுதை ஓட்டினார். "முப்பத்தி நாலு வருஷம் ஏத்தி இறக்குனது பத்தாதுன்னு இங்கயும் ஷட்டராடா?"ன்னு அவரே சிரிச்சுக்கிட்டார்.

அப்பா பொதுப்பணித்துறையில லஸ்கரா இருந்து ரிட்டயர் ஆனவர். காவிரி டெல்டா தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஆத்துல இருந்து வாய்க்கால் பிரியற இடத்துல ரெகுலேட்டர் இருக்கும். எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு, எத்தனை நாள் முறைன்னு ஆபீசர் உத்தரவு போடுவார். ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் லைட்டோட போய், ஹேண்டிலை மாட்டிச் சுத்தி, ஷட்டரை அரை அடி ஏத்திட்டு வர்றது லஸ்கர். கேஜைப் பார்த்து அளவு சொல்றது லஸ்கர். தண்ணி வரலைன்னா ஊர்க்காரங்ககிட்ட திட்டு வாங்கறதும் லஸ்கர்தான்.

இப்ப இவ்வளவு சுலபமா எழுதிட்டேன். இஞ்சினியரிங் படிச்ச நாலு வருஷமும் இந்த வார்த்தையை நான் வாயைத் திறந்து சொன்னதில்ல. "அப்பா பி.டபிள்யூ.டி.ல இருக்கார்"னு மட்டும் சொல்வேன். கேக்கறவன் அவனே இஞ்சினியர்னு நினைச்சுப்பான். நான் திருத்த மாட்டேன். மூணாம் வருஷம் ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட அப்பா வந்தப்ப ரூம்மேட் ஒருத்தன், "அங்கிள், நீங்க எந்த டிவிஷன்ல ஏ.ஈ.?"ன்னு நேராவே கேட்டுட்டான். அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். "சீர்காழி பக்கம்தான் தம்பி"ன்னு சொல்லிட்டு பேச்சை மாத்திட்டார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்தேன். அதைப் பத்தி அவரும் பேசல, நானும் பேசல.

சரி, கேரவனுக்கு வருவோம். எங்க டீம்ல ஒரு பெருசு இருக்கார். அவருகிட்ட ஒரு பழைய கேரவனும் அதை இழுக்க ஒரு வண்டியும் உண்டு. "அப்பாவை வீட்டுல வச்சு என்ன பண்ணப் போற, ஆத்துப் பக்கம் கூட்டிட்டுப் போ"ன்னு சாவியைக் கையில குடுத்துட்டார். குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் கிளாஸ். கனமான சாமானை எல்லாம் அச்சுக்கு மேல வை, பின்னாடி வைக்காதே. கேரவனோட மொத்த எடையில கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு கொக்கி மேல உட்காரணும், குறைஞ்சா ரோட்டுல வால் ஆட ஆரம்பிச்சிடும். ஆடினா பயந்துபோய் வண்டி பிரேக்கை மிதிச்சுடாதே, ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடு. கேரவனுக்குன்னு தனியா கை பிரேக் கண்ட்ரோல் இருக்கு, அதை மட்டும் லேசா தொடு. ப்ராஜெக்ட் கேடில கூட நான் இவ்வளவு குறிப்பு எடுத்ததில்ல.

முதல் ஊர் கூல்வா. அடிலெய்டுல இருந்து தெற்கே ஒண்ணரை மணி நேரம். அங்க கேரவன் பார்க்ல ரிவர்ஸ் எடுத்தேன் பாருங்க! கேரவன் இடது பக்கம் போகணும்னா ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்கணும். தியரி நல்லாவே தெரியும், கைதான் கேக்கல. அப்பா பின்னாடி நின்னு டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி, "வா வா வா... ஒடி... நல்லா ஒடி... ஹோல்டான்!"ன்னு கத்த, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரத் தாத்தா பாட்டிங்க எல்லாம் வேடிக்கை பார்க்க, ஆறாவது தடவை உள்ள போச்சு. கை தட்டினாங்க சாமி. இவங்களை இங்க 'க்ரே நோமட்'னு சொல்வாங்க. ரிட்டயர் ஆனதும் வீட்டைப் பூட்டிட்டு கேரவனோட மாசக் கணக்குல ஊர் சுத்தறவங்க. அப்பாவுக்கு ஆச்சரியம் தாங்கல. "பேரப் பிள்ளைங்களை யாருடா பாத்துக்கறது?"ன்னார்.

கூல்வா ஒரு காலத்துல ஆத்துத் துறைமுகம். ஆஸ்திரேலியாவோட முதல் பொது ரயில்பாதை 1854-ல கூல்வாவுக்கும் கடலோரம் இருக்கற போர்ட் எலியட்டுக்கும் நடுவுல போட்டதுதான். குதிரை இழுத்த ரயில். 2508 கிலோமீட்டர் ஓடி வர்ற மர்ரே ஆறு இதுக்குப் பக்கத்துலதான் கடல்ல கலக்குது. மேல விவசாயத்துக்குத் தண்ணி எடுக்க எடுக்க ஆத்துல ஓட்டம் குறைஞ்சு, கடல் தண்ணி உள்ள ஏற ஆரம்பிச்சதால 1935-ல தொடங்கி 1940-க்குள்ள அஞ்சு தடுப்பணை கட்டினாங்க. அதுல ஒண்ணு கூல்வா ஊரை ஒட்டியே இருக்கு. ஒரு பக்கம் நல்ல தண்ணி, மறு பக்கம் உப்புத் தண்ணி. கடல்நாய்ங்க வெயில்ல படுத்துக் கிடந்துச்சு. கூட்டம் பூரா அதைப் படம் எடுத்துக்கிட்டு இருக்க, அப்பா மட்டும் குனிஞ்சு ரெண்டு பக்கத் தண்ணியையும் கையில தொட்டு நாக்குல வச்சுப் பார்த்தார்.

"டேய், இதுவும் கடைமடைதான்டா."

பக்கத்துல இருக்கற ஹிண்ட்மார்ஷ் தீவுக்குப் போய் முகத்துவாரத்தைப் பார்த்தோம். இவ்வளவு பெரிய ஆறு மணல் திட்டுக்கு நடுவுல ஒரு இடுக்கு வழியாத்தான் கடலுக்குப் போகுது. 1981-ல அந்த இடுக்கும் மணல் மூடிப் போச்சு. பிறகு பெரிய வறட்சி வந்தப்ப 2002-ல இருந்து 2010 வரைக்கும் மிஷினை வச்சு மணலை அள்ளி அள்ளித்தான் வழியைத் திறந்து வச்சிருந்தாங்க. அங்க இருந்த பலகையைப் படிச்சு அப்பாவுக்குச் சொன்னேன். "ரெண்டாயிரத்து ரெண்டா?"ன்னு மறுபடியும் கேட்டார்.

இங்க ஒரு சின்ன கொசுவத்தி. 2002, 2003 ரெண்டு வருஷமும் ஜூன் 12 அன்னிக்கு மேட்டூர் திறக்கல. எனக்கு அப்ப ஆறேழு வயசு. ஒரு நாள் காலைல அப்பா நெத்தியில துணி கட்டோட வீட்டுக்கு வந்தார். வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னார். அந்த மணல் திட்டைப் பார்த்துக்கிட்டே இப்ப சொல்றார்: "அன்னிக்கு நான் விழலடா. மேல்மடைக்காரன் ஷட்டரை ஏத்தக்கூடாதுன்னான். கீழ்மடைக்காரன் ஏத்தித்தான் ஆகணும்னான். நான் நடுவுல நின்னேன்." இருபது வருஷம் கழிச்சு, எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து எனக்குத் தெரியுது.

இந்தப் பகுதி பூர்வகுடிகள் ங்காரிண்ட்ஜெரி மக்கள். அவங்க கதைப்படி ங்குருண்டெரிங்கற முன்னோர் ஒரு ராட்சத மீனைத் துரத்திக்கிட்டு வந்தாராம். அது வாலை அடிச்சு வளைஞ்சு வளைஞ்சு ஓடின தடம்தான் இந்த ஆறு. "நமக்குக் காக்கா கமண்டலத்தைத் தட்டி விட்டுச்சு, இவங்களுக்கு மீனு"ன்னார் அப்பா.

அடுத்த நாள் ஆத்தோட போக்குக்கு எதிர்த்திசையில கிளம்பினோம். கேரவனுக்கு நாலு மூலைலயும் ஜாக்கி மாதிரி கால் இருக்கும். நிறுத்தினா இறக்கணும், கிளம்பினா ஏத்தணும். முதல் நாள் ஒரு காலை ஏத்தாமலே கிளம்பப் பார்த்தேன். அப்பா கத்தினதால தப்பிச்சோம். அன்னியில இருந்து அது அவர் டியூட்டி ஆயிடுச்சு. தினம் காலைல நாலு காலையும் தொட்டுப் பார்ப்பார், கொக்கியை ஆட்டிப் பார்ப்பார், கேஸ் சிலிண்டர் வால்வைத் திருகிப் பார்ப்பார், அப்புறம் இன்னொரு சுத்து வருவார். எழுதி வச்ச லிஸ்டை நான் பார்த்து முடிக்கறதுக்குள்ள அவர் முடிச்சிருப்பார்.

வெலிங்டன்ங்கற ஊர்ல பாலம் கிடையாது. இரும்பு வடத்தைப் பிடிச்சுக்கிட்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் போற ஃபெர்ரிதான். கேரவனோட அப்படியே ஏத்திட்டாங்க. அப்பா சட்டைப் பையில கையை விட்டுக்கிட்டே "டிக்கெட் எவ்வளவு?"ன்னார். இலவசம்னேன், அதுவும் ராத்திரி பகல் எந்நேரமும். அக்கரை போய்ச் சேர்ற வரைக்கும் அந்த வடத்தையே பார்த்துக்கிட்டு வந்தார்.

மானம்னு ஒரு ஊர். பேரு நல்லா இருக்குல்ல? 1853-ல மர்ரேயில ஓடின முதல் நீராவிப் படகு இங்க இருந்துதான் கிளம்பிச்சு. 2022 கடைசியில வந்த வெள்ளம் 1956-க்கு அப்புறம் இந்த மாநிலம் பார்த்த பெரிய வெள்ளம். அது எல்லையைத் தாண்டி உள்ள வந்தப்ப உச்சத்துல ஒரு நாளைக்கு 186 ஜிகாலிட்டர்னு சொன்னேன். "அதெல்லாம் எனக்குப் புரியாது, கன அடி சொல்லு"ன்னார். செல்லுல கணக்குப் போட்டேன். சுமார் 76 ஆயிரம் கன அடி.

"இவ்வளவுதானா? 2018-ல முக்கொம்பு ஷட்டர் அடிச்சுட்டுப் போனப்ப கொள்ளிடத்துல போனது இதை விட எவ்வளவோ ஜாஸ்தி."

சொல்லிட்டு கொஞ்ச நேரம் ஆத்தைப் பார்த்தார். "ஆனா இங்க சரிவே இல்லடா. தண்ணி ஓடாது, நிக்கும். நம்ம ஊர்ல ஒரு வாரத்துல வடிஞ்சிரும். இங்க எத்தனை நாள் நின்னுச்சு?" வாரக் கணக்குல நின்னுச்சுன்னு சொன்னேன். தலையை ஆட்டினார். இஞ்சினியரிங் டிகிரி வச்சிருக்கற எனக்கு அந்த ஆத்தைப் பார்த்தா சரிவு தெரியல. செல்லுல படம்தான் எடுத்தேன்.

நாலாம் நாள் பிளான்ச்டவுன். மர்ரேயோட முதல் லாக் இங்கதான், கடல்ல இருந்து 274 கிலோமீட்டர், திறந்தது 1922-ல. குறுக்கே அணை. படகு தாண்டறதுக்குக் கரையோரமா ரெண்டு பக்கமும் கதவு வச்ச ஒரு நீளத் தொட்டி. கீழே இருந்து வர்ற படகு உள்ள வந்ததும் பின் கதவை மூடி, மேல இருந்து தண்ணியை உள்ள விடறாங்க. படகு மெதுவா உயருது. மேல்மட்டத்துக்குச் சமமானதும் முன் கதவைத் திறக்கறாங்க. மோட்டார் பம்ப் எதுவும் கிடையாது, தண்ணியோட எடையே வேலையைச் செஞ்சிடுது. நாங்க வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு ஒரு வீட்டுப் படகு ஏறறதைப் பார்த்தோம். பாதியில அப்பா, "இன்னும் நாலு அங்குலம் இருக்கு, இப்பத் திறக்க மாட்டான் பாரு"ன்னார். திறக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு, "இப்ப"ன்னார். கதவு அசைஞ்சுது.

படகு போனதும் அங்க வேலை பார்க்கற ஆள் எங்க பக்கம் வந்து பேச்சுக் கொடுத்தார். அப்பா கேள்வியா அடுக்க ஆரம்பிச்சிட்டார், நான் மொழிபெயர்ப்பு. அணையில தண்ணியை எப்படிக் கூட்டிக் குறைக்கறீங்க? கட்டைகளை கிரேன் வச்சுத் தூக்கறதும் போடறதும்தான்னார். "நம்ம ஊர்ல பலகை போடற மாதிரி!" ராத்திரி யார் பார்ப்பா? மேல இருந்து உத்தரவு எப்படி வரும்? கீழே இருக்கறவன் சண்டைக்கு வருவானா? கடைசிக் கேள்விக்கு அந்த ஆள் வாய்விட்டுச் சிரிச்சார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார், உங்கப்பா என்ன வேலை பார்த்தார்னு.

பழக்க தோஷம். நாக்கு நுனிக்கு அந்தப் பழைய பதில்தான் வந்துச்சு. அப்பா ரெண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கிட்டு நிக்கறார். அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம் புரியும். என்ன கேட்டார்னு கட்டாயம் புரிஞ்சிருக்கும்.

"உங்க வேலைதான். முப்பத்தி நாலு வருஷம்"னேன்.

அந்த ஆள் கையுறையைக் கழட்டிட்டு வேலிக்கு மேல கையை நீட்டினார். அப்பா ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டார்.

வண்டிக்குத் திரும்பி நடக்கறப்ப, "அவருக்கு இங்க என்னடா பேரு?"ன்னார்.

"லாக் மாஸ்டர்ப்பா."

"மாஸ்டரா!" அன்னிக்குப் பூரா சிரிச்சுக்கிட்டே இருந்தார். சென்னைக்குப் போன் போட்டு அம்மாகிட்டயும் சொன்னார்: "இனிமே மாஸ்டர்னு கூப்பிடு."

ஹாஸ்டல் விஷயத்தை அன்னிக்கு ராத்திரி கேரவன்ல நானே எடுத்தேன். மன்னிப்பு மாதிரி ஏதோ உளறினேன். "அது எப்பவோ நடந்தது, தூங்கு"ன்னு லைட்டை அணைச்சிட்டார். மறந்துட்டேன்னு மட்டும் சொல்லல.

மே மாசக் கடைசியில ஊருக்குத் திரும்பிட்டார். அந்த வருஷமும் ஜூன் 12-க்கு மேட்டூர் திறக்கல, ஜூலை 28-லதான் திறந்தாங்க. ஆகஸ்டுல ஒரு நாள் ஆபீஸ் மீட்டிங் நடுவுல போன். டேமேஜர் முறைக்க முறைக்க எடுத்தேன்.

"நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி வந்துருச்சுடா. உன் லாக் மாஸ்டரைப் பார்த்தா சொல்லு."